கொள்ளுத்தாத்தா வெட்டாமல் விட்ட பக்கங்கள்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலும் இந்தக் குளிரில் எதிர்பார்த்ததைவிட சௌக்கியம். நீயும் ஜெயந்தும் கால்கரியின் பனியில் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். தமிழில் நீளமாக எழுதினால் நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, இது மெதுவாகப் படிக்க வேண்டிய கடிதம்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்கும் சிரிப்பு வந்து பாதி விட்டுப்போகும்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு சரஸ்வதி பூஜையன்று ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? கொள்ளுத்தாத்தா புத்தகத்தை அப்பா பட்டுத்துணியிலிருந்து பிரித்து, முன்பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெயரைக் காட்டி, "திருவையாறு ம.ரா.ரா.ஸ்ரீ பஞ்சாபகேசய்யரவர்கள்" என்று படித்துக் காட்டிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மூடினார். நீ அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தாத்தா பேருக்கு அப்புறம் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாய். அவர், "இன்னிக்குப் புஸ்தகம் படிக்கப்படாதுடா கண்ணா, அம்பாள் படிக்கிற நாள்" என்றார். நியாயமான பதில்தான். மறுநாள் விஜயதசமிக்குக் கட்டாயம் ஒரு வரியாவது படிக்க வேண்டும் என்று வந்தபோது, மறுபடி அதே பக்கத்தைத் திறந்து அதே பெயரைப் படித்து, சாஸ்திரம் ஆயிற்று என்று பட்டில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். உன் கேள்வியும் அதோடு பரணுக்குப் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அது இறங்கிவந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்கிற சத்யப்ரியா என்ற பெண் ஒருநாள் வந்தாள். நியூ டவுனில் வீடு, அவள் அப்பா நம் தமிழ்ச் சங்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்து வங்காளியில் முடிக்கிற பெண், உன்னைப் போலவே. வெளியூரிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த பழைய புத்தகங்களை வைத்து ஒரு கண்காட்சி, ஒவ்வொரு புத்தகத்தையும் அந்த வீட்டுக்காரரே நின்று பேசி அறிமுகப்படுத்த வேண்டும் என்றாள். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? பாங்கில் ரிடையர் ஆனதிலிருந்து மைக் கிடைக்காமல் ஏங்கிக்கொண்டிருக்கிற மனுஷர். அன்றைக்கே உட்கார்ந்து அட்டையில் ஒட்டுவதற்கு எழுதிவிட்டார்: "என் பாட்டனார் நாள்தோறும் அதிகாலையில் பாராயணம் செய்த நூல்." கையோடு மேற்கு மாம்பலத்தில் இருக்கும் உன் அத்தைக்கும், சங்கத்து வாட்ஸப்புக்கும், மேல்மாடி வங்காளி வீட்டுப் பர்ணா பௌதிக்கும் செய்தி போய்விட்டது. எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் சத்யப்ரியா படம் எடுக்க வந்தாள். நம் வீட்டில் அந்தப் புத்தகம் பூஜையில்லாத ஒரு நாளில் கீழே இறங்கியது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாயேஷ் கொடுக்க வந்த பர்ணா பௌதியும் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். அப்பா, "எந்தப் பக்கம் வேணும்னாலும் எடுத்துக்கோம்மா, எங்க தாத்தா கை படாத பக்கமே கிடையாது" என்றார். பெயர் இருக்கும் பக்கத்தை அவள் படம் எடுத்துவிட்டு, அடுத்ததைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. இரண்டு தாள் சேர்ந்து ஒரு பை மாதிரி விரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள், பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள். பெரியப்பா முறை வைத்து, "ஜேட்டு, இது கட் பண்ணவே இல்லையே" என்றாள். "என்ன கட் பண்ணலே?" "பக்கம், ஜேட்டு. உங்க தாத்தா பேர் வரைக்கும்தான் வெட்டியிருக்கு. அதுக்கு மேல புத்தகம் முழுக்க மடிப்பாவே இருக்கு. இதை யாரும் படிச்சதே இல்ல." அதையே அவள் வங்காளியிலும் சொன்னதும் பர்ணா பௌதி, "ஓ மா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மடிப்பு மடிப்பாகவே இருந்தது.

உனக்கு இது புரிய வேண்டுமானால் ஒரு செய்தித்தாள் அளவுத் தாளை எடுத்துக்கொள். அதை ஒருமுறை மடி, மறுபடி மடி, இன்னொருமுறையும் மடி. கையில் குட்டிப் புத்தகம் மாதிரி இருக்கும், ஆனால் மேலேயும் பக்கவாட்டிலும் மூடியிருக்கும். புத்தகம் அச்சடிப்பது இப்படித்தான். ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை, சிலது நேராகவும் சிலது தலைகீழாகவும் அடித்து, மடித்து, முதுகுப் பக்கம் தைத்து, இப்படிப்பட்ட மடிப்புகளை அடுக்கினால் புத்தகம். இப்போதெல்லாம் ஓரங்களை மெஷினில் சீவிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பல புத்தகங்களைச் சீவாமலே விற்றார்கள், வாங்கினவர்தான் ஒரு மழுங்கல் கத்தியை வைத்து மடிப்பை வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும். ஆகையால் ஒருவர் ஒரு புத்தகத்தை எதுவரை படித்தார் என்பது அவர் போன பிறகும் தெரியும், ஒளிக்கவே முடியாது. இடையில் தானாகத் திறக்கும் பக்கங்கள் சில இருக்கும், அதனால் சும்மாப் புரட்டினால் சந்தேகம் வராது. நம் வீட்டில் அந்தச் சும்மாப் புரட்டலும் நடந்ததில்லை. யோசித்துப் பார், படிக்கக் கூடாத நாளில் மட்டுமே கையில் எடுக்கிற புத்தகத்தை யார் படித்துப் பார்த்திருப்பார்கள்? போதாததற்கு இந்த ஊர் வழக்கப்படி வசந்த பஞ்சமிக்கும் அதை இறக்கிப் பலாஷ் பூ வைத்தோம், அன்றைக்கும் படிப்பு கிடையாது. இரண்டு சரஸ்வதி பூஜை கொண்டாடுகிற வீட்டில் படிக்காமல் இருப்பதற்கும் இரண்டு சாக்கு.

அந்தப் பெண் போனதும் அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் செய்தித்தாளையே தொடவில்லை என்றால் பார்த்துக்கொள். நீ கூப்பிட்டபோது தூங்குகிறார் என்று சொன்னேனே, அது இதுதான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அவளுக்குப் போன் பண்ணி நான் வரலைன்னு சொல்லிடு" என்றார். நான், "என்ன காரணம் சொல்ல?" என்றேன். "உடம்பு சரியில்லைன்னு சொல்லு." "உடம்புக்கு என்ன?" "அதான் எங்க வம்சத்துக்கே படிச்ச பைத்தியம்னு பேரு. இப்ப படிச்சது போயிடுத்து, பைத்தியம் மட்டும் மிச்சம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. உனக்குத் தெரியும், அவர் சின்ன வயதில் பரீட்சையில் தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய அப்பா அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் எழுப்பினாராம், கம்பெனியில் நாள் முழுக்கக் குமாஸ்தா வேலை பார்த்தும் தாத்தா விடிகாலையில் இதை எடுக்காத நாள் இல்லை, அந்த ரத்தம் உனக்கும் இருக்கு என்று. அதை நம்பித்தான் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினார், பாங்குக்குப் போனார், என்னையும் கல்யாணம் பண்ணிக்கொண்டார். தாத்தா படிக்கவில்லை என்றால் எதை நம்பி இத்தனையும் செய்தோம் என்று அவருக்கு ஆகிவிட்டது. கண்காட்சிக்குப் போகாமல் இருந்தால் சங்கத்தில் நாலு பேர் கேட்பார்கள். போனால் அந்த அட்டைக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்ல வேண்டும். இரண்டும் அவரால் முடியாத காரியம்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் பால்கனியில் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் புத்தகம், கையில் காய் நறுக்குகிற கத்தி. "ஏன்னா, என்ன பண்றேள்?" என்றேன். திருடன் மாதிரித் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "இல்லடி சாவித்ரி, இப்ப வெட்டிட்டா யாருக்குத் தெரியப்போறது?" என்றார். "எல்லாருக்கும் தெரியும். ஓரமெல்லாம் பழுப்பா இருக்கு, நீங்க வெட்டற இடம் மட்டும் வெளேர்னு இருக்கும். அந்தப் பொண்ணு இதைத்தான் வருஷக்கணக்கா படிச்சிண்டிருக்கா" என்றேன். "டீ டிகாக்ஷன் தடவினா?" என்று கேட்டார். மது, பாங்கில் ஒரு கையெழுத்துக் கோணலாக இருந்தால் செக்கைத் திருப்பி அனுப்பின மனுஷர் டீ டிகாக்ஷன் தடவலாமா என்று என்னிடம் கேட்கிறார். நான் கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்தேன்.

சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த இடத்தில் வேறென்ன தெரியும், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பிரதி பண்ண வேண்டும், அதனால் ஊருக்குச் சில சுவடிதான், ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். படிப்பு என்பது கண்ணால் செய்கிற காரியமாக இருந்ததைவிடக் காதால் செய்கிற காரியமாக இருந்த காலம்தான் அதிகம். பிறகு அச்சு வந்தது. தமிழில் முதல் புத்தகம் நானூறு வருஷத்துக்கும் முன்னால் கொல்லத்தில் அச்சாகிவிட்டது, ஆனால் அதற்கப்புறம் வெகுகாலம் பாதிரிமார்களும் கம்பெனிக்காரர்களும்தான் அச்சு வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் காகிதம் போதாமல் எழுத்தின் அளவையே சிறிதாக்கி வார்த்தார்களாம். இங்கே பக்கத்தில் ஸ்ரீராம்பூரில் அச்சுக்கூடம் வைத்தவர்கள் பூச்சி அரிக்காத காகிதத்துக்காகத் தாங்களே ஆலை போட்டார்கள். நாம் வருஷா வருஷம் ரத யாத்திரைக்குப் போகிற வழியில் உனக்குக் காட்டியிருக்கிறேன், நீ ஐஸ்கிரீமைத்தான் பார்த்தாய். அப்புறம் சென்னையிலும் இந்த ஊரில் சித்பூர்ப் பக்கமும் நம்மவர்களே அச்சுக்கூடம் வைக்க ஆரம்பித்தார்கள், மலிவுப் புத்தகங்களைத் தலையில் சுமந்து வீடு வீடாகப் போய் விற்றார்கள், அதையும் ஒருவர் படிக்க வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது.

ஆனால் ஒரு பெரிய தமிழ்ப் புத்தகம் போட வேண்டுமென்றால் கையில் காசுள்ள பதிப்பாளர் எத்தனை பேர்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். புத்தகம் அச்சாவதற்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய், எனக்கு ஒரு பிரதி என்று வாங்குவதற்கு ஒப்புக்கொள்கிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வார்கள். கையொப்பம் வாங்குவது என்று இதற்குப் பெயர். போதுமான பேர் சேர்ந்தால்தான் அச்சு. சேர்ந்தவர்களுடைய பெயரெல்லாம் நன்றியாகப் புத்தகத்தின் முன்னால் அச்சாகும். உன் கொள்ளுத்தாத்தா பெயர் அங்கே இருப்பது அப்படித்தான். "உங்க தாத்தா படிக்கலேன்னு வெச்சுக்கோங்கோ. ஆனா அவர் மாதிரி நாலு பேர் பேர் கொடுக்கலேன்னா இந்தப் புஸ்தகமே வந்திருக்காது, படிச்சவாளுக்கும் கிடைச்சிருக்காது. படிச்சவா பேர் எதுலயும் இல்லை, வாங்கினவா பேர்தான் இருக்கு. அதுல என்ன வெட்கம்?" என்றேன். அப்பா ரோட்டில் போகிற ரிக்‌ஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா பொய் சொல்லலை" என்றார், "தாத்தா விடிகாலைல கையில எடுத்திருப்பார். அச்சுல இருக்கிற தன் பேரைப் பார்த்திருப்பார். வெச்சிருப்பார்." சொல்லும்போதே உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் சமையலறைக்குப் போய் வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தியை எடுத்துவந்து கொடுத்தேன். "வெட்டுங்கோ. ஆனா காட்டறதுக்கு வெட்டப்படாது. வெட்டினதைப் படிக்கணும்" என்றேன்.

நாம் எல்லோரும் அது ஏதோ காசி கயைக்குப் போய்ச் செய்கிற காரியங்களைப் பற்றிய புத்தகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம். முகப்பில் "வடதிசை யாத்திரை விளக்கம்" என்று போட்டு ஒரு கங்கைப் படம் இருப்பதால் வந்த வினை. மடிப்பை மெதுவாகக் கிழியாமல் வெட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பா வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அது ரயில் போட்ட புதிதில் தென்னாட்டிலிருந்து வடக்கே போகிறவர்களுக்காக எழுதின கைப்புத்தகம், மது. எந்த ஸ்டேஷனில் நல்ல தண்ணீர், எங்கே வண்டி மாற வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு, எல்லாம் இருக்கிறது. இரண்டாவது மடிப்பிலேயே கல்கத்தா வந்துவிட்டது. அப்பா படித்ததை அப்படியே எழுதுகிறேன்: "ஹௌரா ஸ்டேஷனில் இறங்கினவுடனே கல்கத்தா வந்து சேர்ந்தோமென்று எண்ணிவிட வேண்டாம். நடுவில் கங்கையிருக்கிறது. பாலத்தைக் கடந்த பிறகே விலாசம் விசாரிக்கவும்."

அப்பா நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா ஊருக்கு வந்து இறங்கிய கதை உனக்கு மனப்பாடம் ஆயிற்றே! டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹௌரா பூரா அலைந்து, கிளைவ் தெரு எங்கே, கிளைவ் தெரு எங்கே என்று பொழுது சாயும்வரை கேட்டு, கடைசியில் ஒரு போலீஸ்காரர் ஆற்றைக் காட்டினாரே, அந்தக் கதை. பாஷை தெரியாத ஊரில் அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லி மூக்கைச் சிந்துவோமே. அவர் தலையில் இருந்த அந்தப் பெட்டிக்குள்ளேதான் இந்தப் புத்தகம் இருந்தது. அப்பாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "தலைமேலயே இருந்திருக்குடி! தலைமேலயே சுமந்துண்டு திரிஞ்சிருக்கார்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்ன ஆயிற்றோ என்று பர்ணா பௌதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் எங்களை நிறுத்த முடியவில்லை. மார்கழியில் வெறும் அங்கவஸ்திரத்தோடு வந்து நிமோனியாவில் கிடந்தாரே, அதற்குப் புத்தகம் சொல்கிறது: "கார்த்திகை முதல் மாசி வரையில் கம்பளியின்றிப் பிரயாணப்படுகிறவர் வைத்தியருக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது நலம்." வீட்டுக்கார வங்காளி அன்பாகக் கொடுத்த எண்ணெய்த் தகரத்தை, கெட்டுப்போனதைக் கொடுத்து ஏமாற்றுகிறான் என்று கொள்ளுத்தாத்தா சாக்கடையில் கொட்ட, அந்த வீட்டுக்காரர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்வோமே, அதுவும் இருக்கிறது: "கடுகெண்ணெயின் நெடி கண்டு எண்ணெய் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதிருக்கவும். அதன் குணமே அஃது." இதை அப்பா வங்காளியில் சொன்னதும் பர்ணா பௌதி, "பார்த்தீர்களா தாதா, உங்கள் புத்தகத்துக்கு எங்கள் எண்ணெய் தெரிந்திருக்கிறது, உங்கள் தாத்தாவுக்குத்தான் தெரியவில்லை" என்றார். நம் குடும்பம் நூறு வருஷமாகச் சொல்லிவந்த அத்தனை கஷ்டத்துக்கும் பரிகாரம் நம் வீட்டுப் பரணிலேயே பட்டில் சுற்றிச் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் அப்பாவே சத்யப்ரியாவைக் கூப்பிட்டு, "அந்த அட்டையைக் கிழிச்சுடும்மா, வேற எழுதித் தரேன்" என்றார். அவள் பதறிப்போய், "ஜேட்டு, எல்லாத்தையும் வெட்டிடாதீங்க, ப்ளீஸ்! நாலு மடிப்பாவது விடுங்க, வர்றவங்களுக்குக் காட்டணும்" என்றாள். புதிய அட்டையைத் தமிழிலும் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் தன் கையாலேயே எழுதினார்: "என் பாட்டனார் பெயர் கொடுத்து வாங்கிய நூல். படிக்கவில்லை. படித்திருந்தால் ஹௌராவில் அலைந்திருக்க மாட்டார்." கிளம்புகிற அன்று மட்டும் வாசலில் நின்று, "உன் நாத்தனார் என்னடி சொல்லுவா?" என்றார். "என் நாத்தனார் உங்க தங்கைதானே, நீங்களே கேட்டுக்கோங்கோ" என்று சொல்லி டாக்ஸியில் ஏற்றினேன். ஜாதவ்பூர் போய்ச் சேரும்வரை மடியில் இருந்த பையை விடவில்லை.

எழுதிவைத்ததைப் பார்க்காமலே பேசினார், மது. பாட்டனார் புத்தகத்தை நாள்தோறும் படித்தார் என்றுதான் என் அப்பா சொன்னார், நானும் நம்பினேன், நம்பித்தான் படித்தேன், ஆகையால் படிக்காத புத்தகமும் எங்கள் வீட்டில் ஒருவனைப் படிக்கவைத்திருக்கிறது என்று ஆரம்பித்தார். அப்புறம் ஹௌராவுக்கு வந்ததும் கூடமே சிரித்தது. சங்கத்து வேலாயுதம், நம் பஞ்சாபகேசய்யர் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர், முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் ஒரு வயதான வங்காளி கனவான் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி முழுவதும் இப்படித்தான் மோஷாய், நாலு தலைமுறையாக யாரும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்" என்றார். திரும்பி வரும்போது அப்பா டாக்ஸிக்காரரிடமும் கதையைச் சொல்லி, அவர் ஹௌராக்காரராக இருந்ததால் இன்னும் விஸ்தாரமாகச் சொல்லி, நாங்கள் லேக் கார்டன்ஸ் திருப்பத்தைத் தாண்டியே போய்விட்டோம்.

உன் அத்தை படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் முதலில் அழுதாள், அப்புறம் "தாத்தா பேர் நன்னாத் தெரியறதா?" என்று மட்டும் கேட்டாள். ரத்தம் எங்கே போகும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு மடிப்பு வெட்டுகிறோம். அப்பா வெட்டி உரக்கப் படிக்கிறார், பர்ணா பௌதிக்காக வங்காளியில் சொல்கிறார், பௌதி சுடச்சுடச் சிங்காரா பொரித்துக்கொண்டு வருகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், வெகு சுகமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் உச்சரிப்பு சுத்தமாகிக்கொண்டு வருகிறது, நடுவில் "அதாவது" என்பதற்கு "மானே" என்று வருவதும் குறைந்திருக்கிறது. சத்யப்ரியா கேட்டபடி சில மடிப்புகளை விட்டிருந்தோம், கண்காட்சி முடிந்த பிறகு அதிலும் வெட்டிக்கொண்டு வந்து கடைசி மடிப்பு ஒன்றுதான் மிச்சம். போன வாரம் அதற்குக் கத்தியை வைத்தவர் எடுத்துவிட்டார். "பேருக்கு அப்புறம் என்ன இருக்குன்னு இந்த வீட்டிலே முதல்லே கேட்டது அவதானே, அவ வந்து வெட்டட்டும்" என்றார். பழைய அச்சுக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு, அடுத்த பக்கத்தின் முதல் வார்த்தையை இந்தப் பக்கத்தின் அடியிலேயே தனியாகப் போட்டுவிடுவார்கள், தாள்களை அடுக்கும்போது வரிசை மாறாமல் இருப்பதற்காக. இந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் உன் மடிப்பு எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். "ஊருக்கு" என்று போட்டிருக்கிறது. ஊருக்குத் திரும்புவது எப்படி என்று இருக்கும் என்கிறார் அப்பா. ஊருக்குக் கடிதம் எழுதுவதைப் பற்றி என்று நான் சொல்கிறேன். ஒரு ரசகுல்லா பானை பந்தயம். டிசம்பரில் நீ வந்து தீர்த்துவை, அதுவரை எட்டிப் பார்க்க மாட்டோம். அப்பா பையைப் போல விரித்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்ததை நான் கண்டுகொள்ளவில்லை, இருட்டில் ஒன்றும் தெரியவில்லையாம்.

மற்றபடி விசேஷம் இல்லை. தாகூரியா சந்தையில் நல்ல நோலன் குட் ஈச்சவெல்லம் வந்திருக்கிறது, ஜெயந்துக்கு அனுப்ப வழி இருந்தால் சொல். தலைக்கு எண்ணெய் வை, அங்கே வெயிலே இல்லை என்கிறாய், டாக்டர் சொன்ன மாத்திரையை விடாதே. போன வாரம் நீ சொன்னதை நினைத்துத்தான் எனக்குக் கவலை, வீட்டில் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறோம், கடுகு தாளித்தால் கூரையில் புகை மணி அடித்துப் பக்கத்து வீட்டார் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள் என்றாயே. வீட்டோடு ஒரு கையேடு கொடுத்தார்களே, பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன்மா, முதல் பக்கத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் அழகா அச்சடிச்சு வெல்கம்னு போட்டிருக்கா" என்றாய். அப்போது நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்புறம் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அப்பாவிடம் சொன்னேன், அவர் சோபாவில் சாய்ந்து மறுபடி ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, நான்காம் தலைமுறை என்றார்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீண்ட ஆயுளும் நிறைந்த ஆரோக்கியமும், கதகதப்பான வீடும் உங்களுக்கு அமையட்டும். டிசம்பர் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. இன்று இரவு சாப்பிட்டானதும் அந்தக் கையேட்டை இழுப்பறையிலிருந்து எடு, ஜெயந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கத்தை வாய்விட்டுப் படி.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா,
சாவித்ரி ராஜாராமன்